செய்யலாம் என்றால் செய்தே ஆக வேண்டுமா?

சி மொழியில் கொஞ்ச காலம் புழங்கிய யாரிடமும் அன்டிஃபைன்ட் பிஹேவியர் (சுருக்கமாக யூபி; நடந்தால் என்ன ஆகும் என்று மொழியின் விதிகள் சொல்லாத செயல்) என்று வாயெடுத்தால் உடனே ஒரு பதில் வரும்: "அங்கே கம்பைலர் என்ன வேண்டுமானாலும் செய்யலாம்." கூடவே, மூக்கிலிருந்து பூதம் பறக்கும் என்ற அந்தப் பழைய ஜோக்கும் வரும். 1992-ல் யூஸ்நெட்டில் பிறந்த ஜோக். இன்னும் அதற்கு ஓய்வு கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. பதிலில் பிழை இல்லை. சில வகைச் செயல்களுக்கு நாங்கள் எந்த நிபந்தனையும் விதிக்கவில்லை என்றுதான் மொழியின் விதிப்புத்தகமான ஸ்டாண்டர்டும் சொல்கிறது. ஆனால் இந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு உறுத்தல். கேட்டது ஒன்று, சொல்வது ஒன்று போல இருக்கும். உரிமை இருக்கிறது, சரி. அந்த உரிமையை வைத்துக்கொண்டு இந்தக் கம்பைலர் இந்த வரியில் இப்படிச் செய்தது ஏன்? அதைத் தீர்மானித்தது யார்? இதைக் கேட்டால் மறுபடியும் ஸ்டாண்டர்டைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

உறுத்தலைக் கிளறிவிட்டது ஒரு கோட் ரிவியூ. பாக்கெட்டின் நீளத்தோடு ஹெட்டருக்காக 64 பைட்டைக் கூட்டும் ஒரு சின்ன ஃபங்ஷன். நீளம் சைன்ட் இன்டிஜர், அதாவது பிளஸ், மைனஸ் இரண்டும் வைக்கும் முழு எண். கூட்டும்போது எல்லை தாண்டிவிட்டால் என்ன செய்வது என்று யோசித்து, எழுதியவர் ஒரு செக் வைத்திருந்தார்: 'நீளம் + 64 < நீளம்' என்றால் பிழை என்று சொல்லித் திரும்பிவிடு. கூட்டியபிறகு எண் குறைந்திருக்கிறது என்றால் அது சுற்றிக்கொண்டு மைனஸ் பக்கம் போய்விட்டது என்று பொருள். டீபக் பில்டில் டெஸ்ட் பாஸ் ஆனது. ஓ2 (நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷன்) போட்ட ரிலீஸ் பில்டில் ஃபெயில். டிஸ்அசெம்பிளியைத் திறந்து காட்டினார். செக் இருந்திருக்க வேண்டிய இடத்தில் கம்பேரும் இல்லை, ஜம்பும் இல்லை. கூட்டல் மட்டும் தனியாக நின்றது. "அண்ணா, இது கம்பைலர் பக் தானே?" என்றார். பக்கத்து இருக்கை சீனியர் திரையை முழுசாகக்கூடப் பார்க்கவில்லை. "சைன்ட் ஓவர்ஃப்ளோ யூபி. கம்பைலர் என்ன வேணா செய்யும். கோடை மாத்து." மாற்றினோம். கூட்டுவதற்கு முன்பே, நீளம் எல்லைக்கு 64-க்குள் வந்துவிட்டதா என்று பார்த்தால் வேலை முடிந்தது. ஆனால் அவர் விடவில்லை. "நான் எழுதினது தப்புன்னு தெரிஞ்சுதானே தூக்கிச்சு? தெரிஞ்சா ஒரு வார்னிங் கொடுக்க வேண்டியதுதானே?" சீனியரிடம் இதற்குப் பதில் இல்லை. என்னிடமும் அப்போது இல்லை.

கேள்வி புதிதும் இல்லை. 2007-ல் ஜிசிசி என்ற சி கம்பைலரின் பக் பட்டியலில் ஏறக்குறைய இதே புகார் வந்தது: 'அ + 100 > அ' என்று அஸெர்ட் வைத்தால் கம்பைலர் அதை எடுத்துவிடுகிறது, எத்தனையோ பாதுகாப்புச் சோதனைகள் இப்படித்தான் எழுதப்பட்டிருக்கின்றன, பழைய நடத்தையைத் திருப்பிக் கொடுங்கள். காரசாரமான வாக்குவாதத்துக்குப் பிறகு 'செல்லாது' என்று முத்திரை விழுந்தது. வேண்டுமானால் கம்பைலருக்கு எஃப்-ராப்-வி (-fwrapv) என்ற ஃபிளாகைப் போட்டுக்கொள்ளுங்கள், எண் சுற்றிவரும் என்றார்கள். அடுத்த ஆண்டு, பாயிண்டரோடு (நினைவக முகவரியோடு) நீளத்தைக் கூட்டிச் சுற்றிக்கொண்டதா என்று பார்க்கும் சோதனைகளை ஜிசிசி சத்தமில்லாமல் நீக்குகிறது என்று செர்ட் என்ற கணினிப் பாதுகாப்பு அமைப்பு எச்சரிக்கைக் குறிப்பே வெளியிட்டது.

அப்போதிலிருந்து இரண்டு கட்சிகள். ஒரு கட்சிக்கு ஸ்டாண்டர்ட் வேதம். இன்னொரு கட்சி, கம்பைலர் எழுதுகிறவர்கள் பெஞ்ச்மார்க் எண்ணுக்காக நம் கழுத்தை அறுக்கிறார்கள் என்று நம்புகிறது. இந்த இரண்டாவது கட்சிக்கு ஒரு சட்ட நுணுக்கமும் உண்டு. 1989-ன் ஸ்டாண்டர்டில், இத்தகைய இடங்களில் கம்பைலர் நடந்துகொள்ளக்கூடிய விதங்கள் ஒரு வாக்கியத்தில் அடுக்கப்பட்டிருக்கும்: கண்டுகொள்ளாமல் விட்டுவிடலாம், அந்தச் சூழலுக்கு ஏற்ப, ஆவணப்படுத்திய முறையில் நடந்துகொள்ளலாம், பிழை காட்டி நிறுத்திவிடலாம். 1999 பதிப்பில் அந்த வாக்கியம் வெறும் குறிப்பாகக் கீழே இறங்கிவிட்டது. அதனால்தான் எல்லாம் கெட்டது என்பார்கள். இந்த வழக்கில் எனக்குப் பெரிய ஆர்வமில்லை. 'கண்டுகொள்ளாமல் விடலாம்' என்ற முதல் வாசலே போதும். யானை நுழையும் அளவுக்கு அகலமானது அது.

கம்பைலருக்குத் தெரியுமா?

நான் இரண்டாவது கட்சிப் பக்கம் சாய்ந்துதான் இருந்தேன். கம்பைலருக்குள் எங்கோ ஒரு இடத்தில் "யூபி இருக்கிறது, தூக்கு" என்று ஒரு முடிவு எடுக்கப்படுகிறது என்ற எண்ணம். அந்த இடத்தைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஒரு சனிக்கிழமை உட்கார்ந்தேன். எடுத்துக்கொண்டது 2009-ல் லினக்ஸ் கெர்னலில் வெடித்த அந்தப் பிரபலமான உதாரணத்தின் நகல். டன் என்ற நெட்வொர்க் டிரைவரில் உள்ள 'போல்' (poll) ஃபங்ஷன். முதலில் டன் என்ற பாயிண்டரின் வழியாக உள்ளே இருக்கும் சாக்கெட் பாயிண்டரை எடுத்து ஒரு வேரியபிளில் வைக்கிறது. அதற்குக் கீழே, டன் 'நல்' (NULL, எதையும் சுட்டாத பூஜ்ஜிய முகவரி) என்றால் பிழை என்று திரும்புகிறது. வரிசை தப்பு, செக் மேலே இருந்திருக்க வேண்டும். ஆனால் ஜிசிசி செக்கையே நீக்கிவிட்டது. பூஜ்ஜிய முகவரியில் தன் சொந்த நினைவகப் பக்கத்தை மேப் செய்துகொள்ள முடிகிற ஒருவர், அந்த ஓட்டையை வைத்துக் கெர்னலையே கைப்பற்றலாம் என்று பிராட் ஸ்பெங்லர் செய்தே காட்டினார்.

ஜிசிசியிடம் கேட்டால் ஒவ்வொரு பாஸுக்குப் (நிரலை ஒருமுறை அலசி மாற்றும் கட்டத்துக்குப்) பிறகும் நிரல் எப்படி இருக்கிறது என்று தனித்தனிக் கோப்பாகக் கொட்டும். பத்து வரி ஃபங்ஷனுக்குக் கோப்புகள் மலையாகக் குவியும். ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஆரம்பத்தில் 'இஃப்' அப்படியே இருக்கிறது. வேரியபிள்களுக்கு எண் போட்டுப் பிரிக்கிறார்கள், 'இஃப்' இருக்கிறது. எந்த வேரியபிள் எந்த மதிப்புக்குள் இருக்கும் என்று கணிக்கும் பாஸ் வந்தது. அதற்கு அடுத்த கோப்பில் 'இஃப்' இல்லை. அந்த பாஸ் செய்ததை அதன் பக்கத்திலிருந்து பார்த்தால் இவ்வளவுதான்: மேலே ஒரு வரி இந்தப் பாயிண்டரின் வழியாகப் படித்திருக்கிறது, படித்தாயிற்று என்றால் பாயிண்டர் நல் இல்லை, நல் இல்லை என்று குறித்து வைத்துக்கொள். கீழே ஒரு வரி, பாயிண்டர் 'நல்' தானா என்று கேட்கிறது. குறிப்பைப் பார், இல்லை. எனவே அந்தக் கிளைக்கு யாரும் போகப்போவதில்லை. அவ்வளவே. குற்றம் கண்டுபிடித்த தடயம் எதுவும் அங்கே இல்லை. மேலிருந்து வரும் கோப்பில் இருக்கும் குறிப்பை நம்பிக் கையெழுத்துப் போடும் குமாஸ்தா போலத்தான் ஒவ்வொரு பாஸும் வேலை செய்கிறது. முழு வழக்கும் அவர் மேசைக்கு வருவதே இல்லை.

இதுவரைகூடப் பரவாயில்லை, எதிர்பார்த்ததுதான் என்று சொல்லலாம். எனக்குத் திருப்பம் அதற்கடுத்து நான் செய்த பரிசோதனையில் வந்தது. நல் என்றால் பூஜ்ஜியம் திருப்பு, இல்லையென்றால் நீளத்தைத் திருப்பு என்று ஒரு சின்ன உதவி ஃபங்ஷன் எழுதினேன். இன்லைன் ஆகும்படி (அழைக்கும் இடத்திலேயே அதன் வரிகள் ஒட்டப்படும்படி) வைத்து, ஒரு லூப்புக்குள் அடுத்தடுத்து மூன்று இடத்தில் அழைத்தேன். லூப்புக்கு மேலே அந்தப் பாயிண்டரை ஏற்கெனவே படித்திருந்தேன். இப்போது மூன்று நல் செக்குகள் வீண். லூப்பின் ஒவ்வொரு சுற்றிலும் வீண். இதைக் கம்பைலர் நீக்காவிட்டால் நானே திட்டுவேன். நீக்கியது. நீக்கியது அதே பாஸ், அதே குறிப்பை வைத்து, அதே காரணத்தோடு. இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். டன் டிரைவரில் உயிரைக் காப்பாற்றியிருக்க வேண்டிய செக்கும், இங்கே வெட்டியாகக் கிடந்த மூன்று செக்குகளும் அந்த பாஸின் கண்ணுக்கு ஒன்றேதான். வித்தியாசம் எழுதியவர் மனதில் இருந்தது. அது நிரலில் எங்கேயும் எழுதப்படவில்லை.

ரிவியூவில் கேட்ட கேள்விக்குப் பாதிப் பதில் இங்கே கிடைத்தது. வார்னிங் ஏன் கொடுப்பதில்லை? கொடுத்தால் மூன்று வீண் செக்குகளுக்கும் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டியிருக்கும். மேக்ரோக்களும் இன்லைன் ஃபங்ஷன்களும் நிறைந்த ஒரு நிஜப் புராஜெக்டில் இப்படி நீங்கும் கிளைகளுக்குக் கணக்கே இருக்காது. சைன்ட் ஓவர்ஃப்ளோவை நம்பி எதையாவது மாற்றினால் சொல்லு என்று ஜிசிசியில் ஒரு வார்னிங் உண்டு, ஐந்து படிநிலை. மேல் படியில் வைத்துப் பில்ட் செய்து பார்த்தவர்கள் அடுத்த நாளே அதை அணைத்துவிடுவார்கள். இருந்தாலும் முடியவே முடியாது என்று சொல்லிவிட முடியாது. 2013-ல் எம்ஐடி ஆய்வாளர்கள் ஸ்டாக் என்று ஒரு கருவி செய்தார்கள். யூபி நடக்காது என்ற அனுமானத்தோடு ஒரு துண்டு நிரல் நீங்குகிறதா, அந்த அனுமானம் இல்லாவிட்டால் அது நிற்கிறதா என்று இரண்டு விதமாகவும் பார்த்து, வித்தியாசம் வரும் இடங்களை மட்டும் அது காட்டும். லினக்ஸ் கெர்னல், போஸ்ட்கிரெஸ், கெர்பெரோஸ் என்று பெரிய பெரிய இடங்களில் 160 புதிய பக்குகள் அதில் மாட்டின. எழுதியவர்களே ஒப்புக்கொண்டு திருத்தினார்கள். எந்த வரி மறையும் என்று சொல்லும் அந்த வேலைக்குத் தனிக் கருவியே தேவைப்பட்டது.

இதைவிட நெஞ்சை அடைக்கும் உதாரணம் ஜிசிசி 4.8 வந்தபோது நடந்தது. ஸ்பெக் 2006 என்ற பெஞ்ச்மார்க் தொகுப்பில் வீடியோ என்கோடர் ஒன்று உண்டு. அதில் 16 இடம் கொண்ட ஒரு அரே, அதன் மேல் ஓடும் ஒரு லூப். சுற்றின் முடிவில் எண்ணை ஒன்று கூட்டி, அந்த எண்ணின் இடத்தில் இருப்பதைப் படித்துவிட்டு, அப்புறம்தான் எண் 16-க்குக் குறைவா என்று கேட்கும். அதாவது கடைசிச் சுற்றில் எண் 16 ஆகி, இல்லாத பதினேழாவது இடத்தைப் படிக்கும். படித்ததை யாரும் பயன்படுத்துவதில்லை. லூப் அத்தோடு முடிந்துவிடும். பல வருஷம் ஒழுங்காக ஓடிய நிரல். புதிய கம்பைலர் இப்படி யோசித்தது: இந்த எண்ணை வைத்து 16 இடம் உள்ள அரேயைப் படிக்கிறார்கள், எனவே எண் 15-ஐத் தாண்டாது, எனவே '16-க்குக் குறைவா' என்ற கேள்விக்கு விடை எப்போதும் ஆம், எனவே கேள்வி வேண்டாம். லூப் நிற்கவே இல்லை. கம்பைலர்களின் வேகத்தை அளக்க உலகமே வைத்திருந்த அளவுகோல் நிரல் அது! ரிலீஸ் நோட்ஸில் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, இதை அணைக்க ஒரு ஃபிளாகும் கொடுத்தார்கள்.

பிடிக்கிற இயந்திரமும் பிடிக்காத இயந்திரமும்

கெட்ட எண்ணம் இல்லை என்று கண்டாயிற்று. அதனால் சீனியர் சொன்னது சரியாகிவிடுமா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த பாஸுக்குக் குறிப்பு எழுதும் உரிமையைக் கொடுத்தது யாரோ ஒரு மனிதர். எந்தெந்த யூபியிலிருந்து குறிப்பு எழுதலாம், எதிலிருந்து வேண்டாம் என்பது கம்பைலர் குழு எடுக்கும் முடிவு. ஸ்டாண்டர்டின் பின்னிணைப்பில் ஏறக்குறைய இருநூறு யூபிகள் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அத்தனையையும் ஒரே தட்டில் வைத்து "என்ன வேண்டுமானாலும்" என்று சொல்வதில்தான் எனக்குச் சண்டை.

நல் பாயிண்டரையே எடுத்துக்கொள்வோம். சாதாரணப் புரோகிராமில் நல்லைப் படித்தால் பூஜ்ஜியப் பக்கம் மேப் ஆகியிருக்காது. செக்ஃபால்ட் அடித்துச் செத்துவிடும். எனவே "படித்தாயிற்று, ஆகவே நல் இல்லை" என்ற அனுமானத்துக்கு இயந்திரமே காவல். அனுமானம் பொய்யானால் கீழே உள்ள செக்கை எட்டவே முடியாது. கெர்னலில் அந்தக் காவல் இல்லாமல் போனதுதான் விபத்து. அங்கே பூஜ்ஜியப் பக்கத்தை இன்னொருவர் மேப் செய்ய முடிந்தது. அதனால்தான் கெர்னல்காரர்கள் வரிசையைத் திருத்தியதோடு நிற்காமல், நல் செக்குகளை நீக்காதே என்ற ஃபிளாகையும் மேக்ஃபைலில் நிரந்தரமாகச் சேர்த்தார்கள். அவர்கள் சூழலில் அந்த அனுமானம் உண்மை இல்லை, சொல்லிவிட்டார்கள். இது எனக்கு நேர்மையான ஏற்பாடாகப் படுகிறது.

அரே எல்லை தாண்டி எழுதுவதற்கு இயந்திரத்தில் காவல் இல்லை. ஆனால் அதை வரையறுக்கவும் வழியில்லை. பத்து இடம் உள்ள அரேயின் பன்னிரண்டாவது இடத்தில் எழுதினால் எது மாற வேண்டும்? பக்கத்தில் இருக்கும் வேரியபிளா? அது ரெஜிஸ்டரில் இருந்தால்? ரிட்டர்ன் அட்ரஸா? எந்த விடையை எழுதிவைத்தாலும், எந்த வேரியபிளையும் ரெஜிஸ்டரில் வைக்க முடியாது, எந்த மதிப்பையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்றாகும். ஆப்டிமைசேஷனே இல்லாத ஓ0-வை விட மெதுவான மொழிதான் மிஞ்சும். சி-யை "நான் எழுதியதை அப்படியே அசெம்பிளியாக்கு, போதும்" என்று கேட்கிறவர்கள் இந்த இடத்தில் பதில் சொல்வதில்லை. இங்கே யூபி தவிர்க்க முடியாதது; பிடிக்க வேண்டுமென்றால் எல்லைச் சோதனைக்கு விலை கொடுத்தாக வேண்டும்.

சைன்ட் ஓவர்ஃப்ளோ இந்த இரண்டிலும் சேராது. இயந்திரம் அதைப் பிடிக்காது. அதே சமயம் அதற்கு இயந்திரத்திடம் தெளிவான விடை இருக்கிறது. எண் சுற்றிவரும், நாம் இன்று தொடும் எந்தச் சிப்பிலும் அப்படித்தான். 1980-களில் நிலைமை வேறு. மைனஸ் எண்களை வேறு விதமாக வைத்த கணினிகளும், ஓவர்ஃப்ளோவில் டிராப் அடித்து நிரலை இடைமறிக்கும் கணினிகளும் புழக்கத்தில் இருந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு விடை எழுத முடியாது என்று விட்டார்கள். கண்டுபிடிக்கக் கடினமான சில பிழைகளைப் பிடிக்காமல் விட கம்பைலருக்கு அனுமதி, அந்த இடங்களில் மொழியை விரிவாக்கிக்கொள்ளவும் இடம் என்றுதான் அந்தக் காலக் குழுவின் விளக்கக் குறிப்பு காரணம் சொல்கிறது. பிடிக்காமல் விட அனுமதி கேட்டு வாங்கிய இடத்தில், நடக்கவே நடக்காது என்று முடிவுகட்டுவது பின்னால் வந்த ஆப்டிமைசர்களின் கைங்கரியம். 2024-ல் வெளியான சி23 என்ற ஸ்டாண்டர்ட் பதிப்பில் மற்ற முறைகளையெல்லாம் கழித்துக்கட்டி, சைன்ட் எண்கள் டூஸ் காம்ப்ளிமென்ட் என்ற ஒரே முறையில்தான் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். பழைய காரணம் செத்துவிட்டது. ஓவர்ஃப்ளோ மட்டும் இன்றும் யூபி.

எவ்வளவு மிச்சமாகிறது?

பழைய காரணம் போனாலும் புதுக் காரணம் இருக்கிறது: வேகம். அதை ஏளனம் செய்ய மாட்டேன், ஏனென்றால் அதன் மையத்தில் நிஜமான ஒன்று உண்டு. 64 பிட் கணினியில் 32 பிட் இன்டிஜரை வைத்து அரேயில் ஓடும் லூப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் அந்த எண்ணை 64 பிட்டுக்கு நீட்டி முகவரியோடு கூட்ட வேண்டும். ஓவர்ஃப்ளோ நடக்காது என்று வைத்துக்கொண்டால், எண்ணை ஆரம்பத்திலேயே 64 பிட் ரெஜிஸ்டரில் போட்டு ஓட்டிவிடலாம். சுற்றிவரும் என்று உத்தரவாதம் கொடுத்தால், 2147483647-க்கு அடுத்து மைனஸ் பக்கம் தாவும் ஒரு சுற்று வரலாம் என்று ஒவ்வொரு முறையும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அதேபோல 'என்-க்குக் குறைவாக அல்லது சமமாக இருக்கும்வரை' என்று எழுதிய லூப்: என் உச்ச எண்ணாக இருந்தால் அது முடியவே முடியாது. ஓவர்ஃப்ளோ இல்லை என்றால் சுற்றுகளின் எண்ணிக்கை உறுதி, வெக்டரைஸ் செய்யலாம், அதாவது பல சுற்றுகளை ஒரே கட்டளையில் முடிக்கலாம்.

ஆனால் நிஜப் புரோகிராம்களில் இதன் கூட்டுத்தொகை எவ்வளவு? 2025-ல் லூசியன் பொபெஸ்குவும் நூனோ லோபெஸும் கிளாங் என்ற கம்பைலரை எடுத்து, யூபியை நம்பும் அனுமானங்களை வகை வகையாக அணைத்து அளந்து பார்த்தார்கள். முழுப் புரோகிராமின் ஓட்ட நேரத்தில் கிடைத்த லாபம் அவர்கள் பார்த்தவரை மிகச் சொற்பம். வேகம் குறைந்த இடங்களிலும் பெரும்பாலும் ஆப்டிமைசரைச் சிறிது மேம்படுத்தியோ, லிங்க் நேர ஆப்டிமைசேஷனை (எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் பார்ப்பதை) போட்டோ மீட்டுவிடலாம் என்கிறார்கள். இது எல்லாப் புரோகிராமுக்கும் பொருந்தும் தீர்ப்பாகாது. நேரத்தையெல்லாம் தின்னும் ஒரே ஒரு சூடான லூப்பை வைத்துப் பிழைக்கிறவர்கள் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். எனக்கு இது போதுமானதாக இருக்கிறது. முன்னிருப்பாகச் சுற்றிவரட்டும், வேகம் வேண்டியவர் ஃபிளாக் போட்டுக் கேட்கட்டும். இப்போது தலைகீழாக இருக்கிறது.

நடைமுறையில் பெரிய நிரல்கள் ஏற்கெனவே அந்தப் பக்கம் போய்விட்டன. போஸ்ட்கிரெஸ் எஃப்-ராப்-வி போட்டுத்தான் பில்ட் ஆகிறது. கெர்னல் சி என்பது தனி வட்டார வழக்கு: ஓவர்ஃப்ளோ சுற்றிவரும், நல் செக் நீங்காது, டைப் வேறு என்பதை வைத்து இரண்டு பாயிண்டர்கள் ஒரே இடத்தைச் சுட்டாது என்று கணிப்பது கிடையாது. இதையே ஒரு பொதுவான 'நட்பு சி'-யாக எல்லோருக்கும் எழுதிவைக்கலாம் என்று 2014-ல் பாஸ்கல் குவோக், மேத்யூ ஃப்ளாட், ஜான் ரெகர் மூவரும் முன்மொழிந்தார்கள். எந்த யூபிக்கு எந்த விடை என்பதில் நிபுணர்களுக்குள்ளேயே உடன்பாடு வரவில்லை. ரெகரே அடுத்த ஆண்டு கைவிட்டார். நினைவகப் பகுதியைப் பிரதி எடுக்கும் மெம்காப்பி ஃபங்ஷனில் இரண்டு பகுதிகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தால் என்ன ஆக வேண்டும் என்பது போன்ற சின்னக் கேள்விகளுக்கே ஆளுக்கொரு விடை சொன்னால் மொழியை எப்படி மாற்றுவது?

எங்கள் ரிவியூவும் இந்த இடத்தில்தான் முட்டிக்கொண்டது. செக்கைத் திருத்தியதோடு எஃப்-ராப்-வியையும் பில்டில் சேர்க்கலாம் என்றேன். சீனியர் ஒத்துக்கொள்ளவில்லை. "நாளைக்கு இந்த லைப்ரரியை வேற டீம் எடுத்து அவங்க மேக்ஃபைல்ல போடுவாங்க. ஃபிளாக் கூடவே போகுமா?" நல்ல கேள்வி. போகாது. ஹெட்டர் கோப்புக்குள் இன்லைனாக இருக்கும் ஃபங்ஷன், சேர்த்துக்கொள்கிறவரின் ஃபிளாகில்தான் கம்பைல் ஆகும். எனவே ஃபிளாகை நம்பிக் கோட் எழுதக் கூடாது, தவறிய கோடுக்கு வலையாக மட்டும் ஃபிளாக் இருக்கட்டும் என்று முடிவானது. டெஸ்ட் பில்டில் யூபி சானிடைசர். ஓவர்ஃப்ளோ நடந்த நொடியே கோப்பும் வரியும் சொல்லிவிடும். புதிய கோடில் சி23-ன் சிகேடி-ஆட். எல்லை தாண்டியதா என்பதையே அது திருப்பிக் கொடுக்கும். பழைய கம்பைலர் என்றால் ஜிசிசி 5-லிருந்து இருக்கும் பில்ட்இன். 'நீளம் + 64 < நீளம்' எழுதியவர் இப்போது மற்றவர்கள் கோடில் அதே வடிவத்தைத் தேடிப்பிடித்து கமென்ட் போடுகிறார், கொஞ்சம் அதிகமாகவே.

ஸ்டாண்டர்ட் குழுவும் சும்மா இல்லை. யூபி வருவதற்கு முன்பே நடந்து முடிந்த வெளியீடுகளைப் பின்னோக்கிப் போய் அழிக்கக் கூடாது என்று சி23 ஒரு குறிப்பில் தெளிவாக்கியது. சி++ இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை. நீளம் பூஜ்ஜியமாக இருந்தாலும் மெம்காப்பிக்கு நல் பாயிண்டர் கொடுத்தால் யூபி என்பது எத்தனையோ வருஷத் தொல்லை. ஒரு பைட்டும் நகராது, ஆனால் அந்த அழைப்பை வைத்தே பாயிண்டர் நல் இல்லை என்று ஜிசிசி குறிப்பு எழுதிக் கீழே உள்ள செக்கை நீக்கும். அடுத்த பதிப்புக்காக 2024-ல் அதைக் குழு வரையறுத்துவிட்டது: நீளம் பூஜ்ஜியம் என்றால் நல் பரவாயில்லை. யாருடைய பெஞ்ச்மார்க்கும் கவிழவில்லை. இருநூறையும் ஒரே மூச்சில் தீர்க்க முயன்ற 'நட்பு சி' நின்றுபோனது, ஒன்றை மட்டும் எடுத்த இது நடந்தது.

இதே வழியில் அடுத்து ஷிஃப்ட்டை எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. 32 பிட் எண்ணை 32 இடம் நகர்த்தினால் எக்ஸ்86 நகர்த்தும் அளவின் கீழ் ஐந்து பிட்டை மட்டும் பார்த்து, எண்ணை அப்படியே விட்டுவிடும். 32 பிட் ஆர்ம் பூஜ்ஜியம் கொடுக்கும். இருவருக்கும் ஒரே விடை எழுத முடியாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு 'எந்த மதிப்பு வரும் என்று சொல்ல மாட்டோம், ஏதோ ஒரு மதிப்பு வரும்' என்று எழுதினால் போதுமே. எந்தச் சிப்பும் ஒரு இன்ஸ்ட்ரக்ஷன்கூடக் கூடுதலாகச் செலவழிக்க வேண்டாம். 'ஷிஃப்ட் செய்தாயிற்று, எனவே அளவு 32-க்குக் கீழே' என்று குறிப்பு எழுதி, கீழே இருக்கும் செக்கை நீக்கும் உரிமை மட்டும் போகும்.